மெனியர் நோய்: அக்காவுக்கு ஆபரேஷனா, காதுக்குள் ஊசியா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் அக்காவுக்காக இதை எழுதுகிறேன். வயது 47, கும்பகோணம் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. சில வருடங்களாக இடது காதில் மெனியர் என்ற உள்காது நோய். முதலில் காது அடைத்துக்கொள்ளும், இரைச்சல் ஏறும், கொஞ்ச நேரத்தில் அறையே சுழல ஆரம்பிக்கும். இரண்டு மூன்று மணி நேரம் கண் திறக்க முடியாது, ஓயாத வாந்தி. மறுநாள் முழுக்கத் துவண்டு கிடப்பார். முன்பு எப்போதாவது வந்தது, இப்போது வாரம் தவறாமல் வருகிறது.

போன மாதம் புதிதாக ஒன்று. கரும்பலகைப் பக்கம் நின்றிருந்தவர், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் முகம் குப்புற விழுந்தார். மயக்கம் இல்லை, நினைவு தப்பவில்லை. முன்பல் ஒன்று போய்விட்டது. வகுப்புப் பிள்ளைகள் பயந்து அழுதிருக்கிறார்கள். அதிலிருந்து தனியாகப் பேருந்து ஏறவே அக்கா தயங்குகிறார்.

தலைச்சுற்றுக்கான வெர்டின் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, உப்புக் குறைப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். சில மாதம் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதுவும் இல்லை. இடது காது 65 டெசிபல், சொல் புரியும் திறன் 40 சதவீதம் என்று ஆடியோகிராமில் இருக்கிறது. வலது காது நன்றாகக் கேட்கிறது.

ஒரு டாக்டர் 'சாக் டிகம்ப்ரஷன்' ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், ஜென்டாமைசின் ஊசி போட்டால் நின்றுவிடும் என்கிறார். அத்தானுக்கு எலும்பைத் துளைப்பது என்றாலே கலக்கம். அம்மாவோ எதைச் செய்தாலும் சீக்கிரம் செய்யுங்கள் என்கிறார். அக்கா கேட்பது ஒன்றுதான்: ஆபரேஷன் செய்தால் காது திரும்பக் கேட்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிமருத்துவன் எழுதியது:

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆளைப் பார்க்காமல் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்வது சரியில்லை. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அக்காவின் கேள்விக்கு முதலில் பதில்: திரும்பக் கேட்காது. மெனியருக்குச் செய்கிற எந்த ஆபரேஷனும் தலைச்சுற்றை நிறுத்துவதற்குத்தான். போன கேள்வித்திறனை மீட்பதற்கு இல்லை. சில முறைகளில் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம். சிலவற்றில் இருப்பதையும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். வீட்டில் எல்லோரும் இதை மனதில் வாங்கிக்கொண்ட பிறகு மற்றதைப் பேசுங்கள். சுற்றல் முழுதாக நின்ற பிறகும் 'காது கேட்கவில்லையே டாக்டர்' என்று கண் கலங்குபவர்களை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிறேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். கையெழுத்து வாங்கும் முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

உள்காதில் மெல்லிய சவ்வுக்குள் எண்டோலிம்ஃப் என்ற திரவம் இருக்கிறது. மெனியரில் அது அளவுக்கு மீறிச் சேர்ந்து, காற்று அதிகம் அடித்த சைக்கிள் ட்யூப் மாதிரி சவ்வு உப்பிவிடுகிறது. தலைச்சுற்று மூளையிலிருந்து வருவது என்றே எல்லோரும் நம்பிய காலத்தில், இது உள்காதின் கோளாறு என்று 1861இல் பாரிசில் எடுத்துச் சொன்னவர் புரோஸ்பர் மெனியர். உப்பலைக் கண்ணால் பார்க்க 1938 வரை ஆனது. லண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், அதே ஆண்டு ஜப்பானில் யமகாவாவும், இந்த நோய் இருந்து இறந்தவர்களின் உள்காதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். ஏன் சேர்கிறது என்பதற்கு இன்னும் தீர்மானமான விடை கிடையாது. ஆபரேஷன் விஷயத்தில் இத்தனை சண்டை இருப்பதற்கு அதுவே காரணம்.

ஒரு பக்கம், அழுத்தத்தைக் குறைக்கப் பார்க்கும் முறை. காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்ட் எலும்பைக் குடைந்து போனால், மூளை உறையை ஒட்டி எண்டோலிம்ஃபாடிக் சாக் என்ற சின்னப் பை இருக்கும். அதைச் சுற்றியுள்ள எலும்பை எடுத்துவிடுவது டிகம்ப்ரஷன். பையைக் கீறி உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடு வைத்தால் ஷன்ட். போர்டோ நகரத்தில் ஜார்ஜ் போர்ட்மன் 1920களில் தொடங்கிவைத்தது. கேள்வித்திறனுக்கு ஆபத்து குறைவு.

இன்னொரு பக்கம், கெட்டுப்போன காதிலிருந்து மூளைக்குப் போகும் தப்பான செய்தியையே நிறுத்திவிடும் முறைகள். சமநிலைச் செல்களை மருந்தால் அழிக்கும் ஜென்டாமைசின் ஊசி, உள்காதின் சமநிலை உறுப்பை அகற்றும் லேபிரிந்தெக்டமி, சமநிலை நரம்பை மட்டும் வெட்டும் நியூரெக்டமி எல்லாம் இதில் வரும். தலைச்சுற்று நிற்பது இவற்றில் நிச்சயம் அதிகம். கொடுக்கும் விலையும் அதிகம்.

அக்கா விழுந்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நினைவு தப்பாமல் தள்ளிவிட்டது போல் விழுவதை டுமார்க்கின் வீழ்ச்சி என்போம். முன்னறிவிப்பே கிடையாது. மாடிப்படியிலோ அடுப்படியிலோ வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இது வந்த பிறகு மாத்திரையிலேயே காலம் தள்ள வேண்டாம்.

கொங்குமலர் எழுதியது:

தம்பி, என் மாமியாருக்கும் இந்த நோய்தான். உப்பைக் குறைத்தோம் என்று சொல்கிறீர்களே, எவ்வளவு குறைத்தீர்கள்? சாம்பாரில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் பழையபடி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. இட்லி மாவில் போடும் உப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதெல்லாம் குறைந்த பிறகு மாமியாருக்கு வருவது நன்றாகவே குறைந்தது.

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் காதில் விட்டால் நரம்பு பலப்படும் என்று ஒருவர் சொன்னார். அதையும் கேட்டுப் பாருங்கள்.

செவிமருத்துவன் எழுதியது:

அம்மா, உப்பைப் பற்றிச் சொன்னது அருமை. நாளைக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்வோம். நம் சாப்பாட்டில் அது எவ்வளவு சிரமம் என்பதும் தெரியும். ஊறுகாய் ஜாடியை மேசையிலிருந்து எடுத்துவிடுவதே நல்ல தொடக்கம்.

எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். வெளிக்காதில் விடும் எண்ணெய் உள்காதை எட்டாது. செவிப்பறையில் ஊசி போட்ட துளை ஆறாமல் இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். இவர் அக்காவுக்கு ஏற்கெனவே அந்த ஊசி போட்டிருக்கிறார்கள்.

ஆய்வுப்பிரியன் எழுதியது:

சாக் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் டென்மார்க் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1981இல் வந்தது. 30 நோயாளிகள். 15 பேருக்கு உண்மையான ஷன்ட். மற்ற 15 பேருக்கு காதுக்குப் பின்னால் கீறி, மாஸ்டாய்ட் எலும்பைக் குடைந்து, பையைத் தொடாமலே மூடிவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. முடிவு? இரண்டு குழுவிலும் பெரும்பாலானவர்கள் தேறினார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள்.

1989இல் அமெரிக்காவில் வந்த இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியும் மறுத்துவிட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2 ஆண்டில் 57 சதவீதம் பேருக்கும், 8 ஆண்டுக்குச் சற்று மேல் 71 சதவீதம் பேருக்கும் தலைச்சுற்று தானாகவே முழுதாக நின்றிருந்தது. இந்த நோய் தானே அடங்கும் குணமுள்ளது. அதனால் எந்தச் சிகிச்சை செய்தாலும் பாதிக்கு மேல் வெற்றி மாதிரித்தான் தெரியும்.

வெர்டினும் இதே கதைதான். ஜெர்மனியில் 221 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியானது. குறைந்த அளவு, அதிக அளவு, வெறும் மாத்திரை என்று மூன்று குழு. மூன்றிலும் ஒரே மாதிரி குறைந்தது.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். என் மனைவிக்கு இங்கே சாக் சத்திரசிகிச்சை செய்தவை. ஆய்வுப்பிரியன் எழுதியதை வாசித்தேன், ஆனால் நடந்ததையும் சொல்ல வேணும். அதுக்கு முதல் அவ சமையலறையில் நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா. வைத்தியர் எங்களிட்ட இது உறுதியான வைத்தியம் இல்லை, ஆனால் காதைக் கெடுக்காது, முதலில் இதைச் செய்து பார்ப்பம் என்றுதான் கதைச்சவர். ஒரு இரவுதான் ஆஸ்பத்திரியில். காதுக்குப் பின்னால் கட்டு, கொஞ்ச நாள் அந்தப் பக்கம் மரத்துப் போய் இருந்தது, அவ்வளவுதான். தலைச்சுத்து நல்லாய்க் குறைஞ்சது. இரைச்சல் இப்பவும் இருக்கு.

அவ தன்பாட்டில சுகமாகியிருப்பாவோ, சத்திரசிகிச்சைதான் சுகப்படுத்தினதோ, எனக்குச் சொல்லத் தெரியாது. அவவின்ட காது அப்ப நல்ல நிலையில் இருந்தது என்றதைக் கட்டாயம் சொல்ல வேணும். சொல் விளங்குவது 80 சதவீதத்துக்கு மேல. உங்கட அக்காவின்ட நிலைமை வேற.

இங்க மொன்றியலில் ஒரு புது முறையும் செய்யினம். பையைத் திறக்காமல், அதுக்குப் போற நாளத்தைச் சின்ன டைட்டேனியம் கிளிப்பால அடைச்சுவிடுறது. 2015இல் வந்த அவையின்ட ஆய்வில், 2 வருசத்துக்குப் பிறகு தலைச்சுத்து முற்றாக நின்றவர்கள் கிளிப் போட்டவர்களில் 96.5 சதவீதம், பழைய டிகம்ப்ரஷன் செய்தவர்களில் 37.5 சதவீதம்.

செவிமருத்துவன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. டென்மார்க் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. அதே எண்களை 2000இல் ஓர் அமெரிக்கக் குழு வேறு புள்ளியியல் முறையில் மறுபடி அலசி, ஷன்ட் வைத்த பக்கமே தேவலை என்று எழுதியது. 30 பேர் கணக்கில் இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம். ஆனால் அதே டென்மார்க் குழு பிற்பாடு ஷன்டையும், செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் காற்றுக்குழாயை மட்டும் வைப்பதையும் ஒப்பிட்டது. அதிலும் வித்தியாசம் தெரியவில்லை. சாக் ஆபரேஷனை நான் அறவே தள்ளிவிடவில்லை. காது நன்றாகக் கேட்பவர், மருந்துக்கு அடங்காதவர், மறுகாதும் சந்தேகமானவர் என்றால் அழிக்கும் முறைக்குப் போகும் முன் இதற்கு ஓர் இடம் உண்டு. அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்க என்னால் முடியாது.

மொன்றியல் முறை என்னையும் யோசிக்கவைக்கிறது. வடிகால் வேண்டும் என்று இத்தனை ஆண்டு பையைத் திறந்துகொண்டிருந்தோம். அவர்கள் வழியை அடைத்துவிட்டுத் தேறுகிறது என்கிறார்கள். அப்படியென்றால் நீர் சேர்வதைப் பற்றி நாம் நினைத்ததே சரியா என்ற கேள்வி வருகிறது. மற்ற ஊர்களிலும் இதே அளவு பலன் வந்தால் பெரிய மாற்றம்தான். அதுவரை நான் காத்திருப்பேன்.

வான்நோக்கி எழுதியது:

ஆலன் ஷெப்பர்டை யாரும் சொல்லவில்லையே! 1961இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர். அப்புறம் அவருக்கு இடது காதில் மெனியர் வந்து, பறக்கக் கூடாது என்று தரையில் உட்காரவைத்துவிட்டார்கள். பல ஆண்டு மற்ற விண்வெளி வீரர்களை அனுப்பிவைக்கும் வேலைதான். 1968இல் லாஸ் ஏஞ்சலீஸில் வில்லியம் ஹவுஸ் என்ற மருத்துவரிடம் போய், விக்டர் பூலோஸ் என்று பெயரை மாற்றிப் பதிந்து ஆபரேஷன் செய்துகொண்டார். பையிலிருந்து மூளையைச் சுற்றியுள்ள நீருக்கு வழிவிடும் ஷன்ட். 1969இல் பறக்க அனுமதி திரும்பக் கிடைத்தது. 1971இல் அப்பல்லோ 14இல் நிலவில் நடந்தார், அப்போது வயது 47. உங்கள் அக்கா வயசுதான். நம்பிக்கையோடு இருக்கச் சொல்லுங்கள்.

ஆய்வுப்பிரியன் எழுதியது:

அது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நோய் தானாக அடங்கியிருந்தாலும் அவர் நிலவுக்குப் போயிருப்பார். ஒருவரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அக்காவுக்குத் தைரியம் சொல்ல அவர் கதை நல்லது. எந்த ஆபரேஷன் என்று முடிவெடுக்க அது போதாது.

நெல்லைச்சீமை எழுதியது:

ஜென்டாமைசின் போட்டுக்கொண்டவன் நான். வலது காது. எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

படுக்கவைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, செவிப்பறையில் மரத்துப்போகும் மருந்தைத் தொட்டுவைப்பார்கள். சுருக்கென்று ஒரு எரிச்சல். பிறகு மெல்லிய ஊசி. மருந்து உள்ளே இறங்குவது காதுக்குள் வெதுவெதுப்பாகத் தெரியும். எனக்குப் போட்ட நர்ஸ் மருந்துக் குப்பியை வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். ஜில்லென்று போனால் அந்தக் குளிர்ச்சியே தலைச்சுற்றைக் கிளப்பிவிடும் என்றார். அப்புறம் அரைமணி நேரம் காது மேலே பார்த்தபடி படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, துணியில் துப்பிக்கொள்ள வேண்டும். விழுங்கினால் மருந்து தொண்டைப் பக்கக் குழாய் வழியாக வடிந்துவிடுமாம்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கழித்துத்தான் ஆட்டம் ஆரம்பித்தது. பழைய சுற்றல் இல்லை இது. நடந்தால் தரை மெத்தை மாதிரி அமுங்கும், தலையைத் திருப்பினால் பார்க்கும் பொருள் ஒரு நொடி பின்தங்கி வரும். ராத்திரி விளக்கில்லாமல் கழிப்பறைக்குப் போகச் சுவரைத் தடவிக்கொண்டு போனேன். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் நோய் முற்றிவிட்டது என்றே நினைத்திருப்பேன்.

அப்புறம் பயிற்சி. கட்டைவிரலை நீட்டி, அதிலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை இடவலமாக ஆட்டுவது. ஒரு குதிகாலின் முன் இன்னொரு காலை வைத்து நேர்கோட்டில் நடப்பது. ஆரம்பத்தில் குமட்டும். விடக் கூடாது. இப்போது பைக் ஓட்டுகிறேன், வயலுக்குப் போகிறேன். வரப்பில் இருட்டில் நடப்பதும், கிணற்றில் முங்கிக் குளிப்பதும் மட்டும் விட்டாயிற்று. கண்ணை மூடினால் உடம்புக்கு மேல் கீழ் தெரிவதில்லை.

மலர்_ஆடியாலஜி எழுதியது:

நெல்லைச்சீமை எழுதியதை எங்கள் நோயாளிகள் எல்லோரும் படிக்க வேண்டும். பரிசோதனைப் பக்கத்திலிருந்து சில விஷயங்களை நான் சேர்க்கிறேன், காவிரிக்கரை தம்பி இவற்றை டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு காதின் சமநிலையை அழிக்கும் முன், மறுகாதின் சமநிலை நன்றாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலது காது நன்றாகக் கேட்கிறது என்பதாலேயே அதன் சமநிலையும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. காதில் வெந்நீரும் குளிர்நீரும் விட்டுக் கண் அசைவைப் பார்க்கும் கலோரிக் பரிசோதனை, கண்ணாடி மாட்டித் தலையைச் சட்டென்று திருப்பும் வீடியோ ஹெட் இம்பல்ஸ், இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். மெனியரில் கலோரிக் குறைந்திருந்தும் ஹெட் இம்பல்ஸ் சரியாக வருவது வழக்கம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மெனியர் மறுகாதுக்கும் வரக்கூடியது, ஆண்டுகள் போகப் போக அந்த வாய்ப்பு கூடும். இரண்டு பக்கமும் சமநிலை போய்விட்டால் நடக்கும்போது கண் முன் எல்லாம் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மிக முக்கியம். உங்கள் அம்மா வழிச் சொந்தத்தில் யாருக்காவது டி.பி.க்காக ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்ட பிறகு காது போயிருக்கிறதா? ஜென்டாமைசினும் அதே குடும்ப மருந்து. தாய் வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பட்டாலே கேள்வித்திறன் போய்விடும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் அடுத்தடுத்து ஊசி போட்டுத்தான் பலருக்குக் காது போனது. இப்போது ஒன்று போட்டுவிட்டுச் சில வாரம் காத்திருந்து, சுற்றல் திரும்ப வந்தால் மட்டும் அடுத்தது.

தலைச்சுற்றையும் வாந்தியையும் அடக்கும் ஸ்டெமெட்டில், ஸ்டூஜெரான் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் நிறையப் பேர். வாந்தியோடு படுத்திருக்கும்போது அது வேண்டும், சரி. தினமும் போட்டால் மூளை புதிய நிலைக்குப் பழகுவதே தள்ளிப்போகும். வயதானவர்களுக்குக் கைநடுக்கம், நடை இறுக்கம் வரும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அக்காவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். காது திரும்பாது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் 'இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் மூன்று டாக்டரிடம் அலைந்திருக்க மாட்டேன்' என்றார்.

மலர் அக்கா, அம்மாவிடம் கேட்டேன். பாட்டியின் தம்பிக்கு டி.பி. இருந்திருக்கிறது, ஊசியும் போட்டிருக்கிறார்கள், ஆனால் கடைசிவரை காது நன்றாகக் கேட்டதாம். வேறு யாருக்கும் இல்லை. கலோரிக்கும் ஹெட் இம்பல்ஸும் எடுத்தோம். வலது பக்கம் இரண்டும் சரி. இடது பக்கம் கலோரிக் பாதிக்கு மேல் குறைவு.

டாக்டர் சார், இரண்டு கேள்வி. ஸ்டீராய்டை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது வீணா? ஜென்டாமைசினும் கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன?

செவிமருத்துவன் எழுதியது:

முதல் கேள்வி. 2016இல் லான்செட் இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்று வந்தது. 60 பேர். பாதிப் பேருக்கு மீதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு ஜென்டாமைசின், இரண்டு வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி. 2 ஆண்டு கழித்து ஜென்டாமைசினில் தாக்குதல் 87 சதவீதமும் ஸ்டீராய்டில் 90 சதவீதமும் குறைந்திருந்தன. அதனால்தான் நான் எப்போதும் ஸ்டீராய்டில் தொடங்குவேன், திரும்பவும் போடுவேன். காதை அது அழிப்பதில்லை. உங்கள் அக்கா விஷயத்தில் என் கணக்கு மாறுவது அந்த வீழ்ச்சியால். ஸ்டீராய்டு சில மாதம்தான் தாங்கியது என்கிறீர்கள், நடுவில் ஒருமுறை படியில் விழுந்தால் ஈடு செய்ய முடியாது. வலது காது கேட்கவும் செய்கிறது, சமநிலையும் பலமாக இருக்கிறது. இடது காதில் சொல் புரிவது 40 சதவீதம், அதாவது பயன்படும் கேள்வித்திறன் என்று நாங்கள் வைக்கும் 50 சதவீதக் கோட்டுக்குக் கீழே. இந்த நிலையில் சாக் ஆபரேஷன் காப்பாற்றப் போவதாகச் சொல்லும் கேள்வித்திறன் ஏற்கெனவே பெரும்பகுதி போய்விட்டது. ஜென்டாமைசின் பக்கம் சாய்ந்த டாக்டரின் யோசனை எனக்கு நியாயமாகப் படுகிறது.

இரண்டாவது கேள்வி. ஊசிக்கும் அடங்காதவர்கள் சிறுபான்மை. அவர்களுக்கு இரண்டு வழி. காது நன்றாகக் கேட்கிறதென்றால் நியூரெக்டமி. எட்டாவது நரம்பில் கேட்கும் பகுதியை விட்டுவிட்டுச் சமநிலைப் பகுதியை மட்டும் வெட்டுவது. அமெரிக்காவில் வால்டர் டான்டி 1920களிலிருந்தே எட்டாவது நரம்பை வெட்டி 600க்கும் மேற்பட்ட மெனியர் நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 90 சதவீதத்துக்கு மேல் தலைச்சுற்று நின்றுவிடும். ஆனால் மண்டையைத் திறக்க வேண்டும். மூளைத்தண்டுவட நீர் கசிவு, தொற்று, முக நரம்பு பாதிப்பு என்று ஆபத்துகள் உண்டு. அனுபவமுள்ள நரம்பு அறுவை மருத்துவரும் காது மருத்துவரும் சேர்ந்து செய்யும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

அக்கா மாதிரி கேள்வித்திறன் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு லேபிரிந்தெக்டமி. மாஸ்டாய்ட் வழியாகப் போய் மூன்று அரைவட்டக் குழாய்களையும் திறந்து, உள்ளே இருக்கும் சமநிலைச் செல்களை ஒன்று விடாமல் எடுப்பது. தலைச்சுற்றை நிறுத்துவதில் இதற்கு மேல் எதுவும் இல்லை. அந்தக் காதில் மிச்சக் கேள்வித்திறன் முழுதாகப் போய்விடும். முதல் சில நாள் கடும் சுற்றல் இருக்கும், ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வார்கள். கேட்கும் நரம்பு அப்படியே இருப்பதால், அதை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி வைக்க வாய்ப்பு உண்டு. வைப்பதானால் அதே ஆபரேஷனிலோ அடுத்த சில மாதங்களிலோ யோசித்துவிட வேண்டும், நாளாக ஆக உள்ளே எலும்பு வளர்ந்து, காக்ளியா என்ற கேட்கும் உறுப்பு அடைபடலாம். செலவு லட்சங்களில் போகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இம்பிளான்ட் சிறு குழந்தைகளை மனதில் வைத்து ஏற்பாடு செய்தது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நேராக லேபிரிந்தெக்டமிக்குப் போகாதீர்கள். எடுத்ததை யாராலும் திரும்ப வைக்க முடியாது. ஊசியிலேயே அடங்குபவர்கள்தான் அதிகம்.

கொங்குமலர் எழுதியது:

தம்பி, அக்காவிடம் சொல்லுங்கள், ஊசி போட்ட பிறகு ஆடும் நாட்களில் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. வீட்டு ஆண்கள் சமைக்கட்டும். குளியலறையில் வழுக்காத பாயும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு ஒன்று.

காவிரிக்கரை எழுதியது:

முடிவு செய்துவிட்டோம். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் ஜென்டாமைசின், முதலில் ஒரே ஊசி. அதுவரை மாடி வகுப்பு வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. கம்பி அத்தான் நேற்றே போட்டுவிட்டார், அம்மா ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார்.

மலர் அக்கா, கடைசியாக ஒன்று. ஜூனில் பள்ளிக்குத் திரும்பும்போது இடது காதில் மிஷின் வைத்தால் பிள்ளைகள் பேசுவது புரியுமா? அக்காவுக்கு இப்போது அதுதான் கவலை.

மலர்_ஆடியாலஜி எழுதியது:

இடது காதில் சாதாரண மிஷின் வைத்தால் சத்தம் கூடும், சொல் தெளிவு அவ்வளவாகக் கூடாது. 40 சதவீதம் புரியும் காதில் பெரிதாக்கிய ஒலி பல பேருக்கு எரிச்சலைத்தான் தரும். மெனியரில் கேள்வித்திறன் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் மிஷினின் அளவும் ஒத்துவராது. கிராஸ் மிஷினைக் கேட்டுப் பாருங்கள். இடது காதில் ஒரு மைக், அங்கே விழும் சத்தத்தை வயரில்லாமல் வலது காதுக்கு அனுப்பும். எந்தத் திசையிலிருந்து குரல் வருகிறது என்பது அதிலும் தெரியாது, ஆனால் இடது பக்கம் பேசும் பிள்ளை பேசியது கேட்கும். வாங்கும் முன் ஒரு வாரமாவது வகுப்பில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், நல்ல கிளினிக்கில் கொடுப்பார்கள். ஊசி போட்டுக் காது ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும், ஆகையால் இப்போதே பணம் கட்டிவிட வேண்டாம்.

மிஷின் வருவதற்குள் செய்யக்கூடியது: மேசையை வகுப்பின் இடது மூலைக்கு நகர்த்தச் சொல்லுங்கள், அதாவது பிள்ளைகளைப் பார்த்து உட்காரும்போது அக்காவுக்கு வலது பக்கம் மொத்த வகுப்பும் வர வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். பதில் சொல்லும் பிள்ளை கையைத் தூக்கி எழுந்து நின்று பேசட்டும்.